காந்தியடிகளின் வீட்டுப் பள்ளி

1897-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய காந்தியடிகளை வெள்ளையர் கூட்டமொன்று கல்லும் அழுகிய முட்டையும் வீசித் தாக்கியது. அந்நிகழ்ச்சியை அவர் வரலாறு கூறும் நூல்கள் யாவும் விரித்துரைக்கின்றன. அதே நாளில் அவர் குடும்பத்தோடு கரையேறிய மூன்று சிறுவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தமக்கை மகனுக்கு வயது பத்து; மூத்த மகன் ஹரிலாலுக்கு ஒன்பது; அடுத்தவன் மணிலாலுக்கு ஐந்து என்று அடிகளே கணக்குச் சொல்லியிருக்கிறார். இம்மூவரையும் எங்கே படிக்க வைப்பது என்ற வினா, கலகம் அடங்கிய கையோடு அவ்வீட்டில் எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடை அவரோடு முடிந்துபோன குடும்பச் செய்தியன்று. தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பிக்கத் துணியும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உண்டு. அவர்கள் எடைபோட வேண்டிய நன்மை தீமை அனைத்தும், ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஒரு வீட்டில் நடந்து பார்க்கப்பட்டுவிட்டன.

அன்றைய டர்பனில் வழக்கறிஞர் காந்தியின் மக்களுக்கு இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, ஐரோப்பியக் குழந்தைகளுக்கான பள்ளி. வேறெந்த இந்தியக் குழந்தைக்கும் அங்கே இடமில்லை. அவர் பிள்ளைகளை மட்டும் சலுகையாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். மற்றொன்று, கிறித்தவச் சமயத் தொண்டர்கள் நடத்திய பள்ளி. முதலாவதை அவர் மறுத்ததற்குக் காரணம் எளிது: ஊரார் பிள்ளைக்குக் கிட்டாத ஒன்றைத் தம் பிள்ளைக்குப் பெறுவது தன்மானத்துக்கு இழுக்கு. இரண்டாவதை மறுத்த காரணம்தான் தமிழர் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருக்கும்; அரிதின் முயன்றால் தமிழோ இந்தியோ கிடைக்கலாம்; ஆனால் அது பிழை மலிந்த தமிழாகவும் இந்தியாகவும் இருக்கும் என்று அவர் எழுதுகிறார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் மக்களுக்கு அந்நாட்டில் எத்தகைய தமிழ் கிடைத்தது என்பதற்கு ஒரு குசராத்தியரின் வாக்குமூலம் இவ்வாறு சான்றாக நின்றுவிட்டது.

கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இந்தியக் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படாத காலம் அது. எனவே வீட்டில் கற்பிக்க யாருடைய இசைவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஆசிரியர் ஒருவரே. குசராத்தி ஆசிரியர் கிடைக்கவில்லை. விளம்பரம் செய்து, மாதம் 7 பவுன் ஊதியத்தில் ஆங்கிலேய மாதொருத்தியை அமர்த்தினார். தாய்மொழியைத் தாமே பேச்சின்வழிப் பயிற்றினார். இந்த ஏற்பாடு அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிள்ளைகளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. இளங்குழந்தைகள் பெற்றோரைப் பிரியலாகாது என்பது அவர் கொள்கை. தமக்கை மகனையும் ஹரிலாலையும் மட்டும் சில மாதம் இந்தியாவில் விடுதிப் பள்ளிகளில் விட்டுப் பார்த்து, விரைவிலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்.

வீட்டுக் கல்வியென்றால் அதை நடத்தப் போகிறவர் யார்? முடிவெடுக்கும் வேளையில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகும் வினா இது. கஸ்தூரிபா அம்மையாருக்கு எழுத்தறிவு மிகக் குறைவு. அவருக்குக் கற்பிக்க எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை என்று அடிகள் தம் வரலாற்றில் வெளிப்படையாகச் சொல்கிறார். ஆகவே பாடஞ்சொல்லும் பொறுப்பு முழுவதும் தந்தையின் தலையில் விழுந்தது. அந்தத் தந்தையோ பகலில் வழக்கறிஞர். மற்ற நேரமெல்லாம் பொதுத்தொண்டர். சில ஆண்டுகளில் ஓர் இதழின் சுமையும் அவர்மீது ஏறியது. பிறகு சிறைவாசியும் ஆனார்.

ஜோகன்னஸ்பர்க் வாழ்க்கையில் அவர் ஒரு வழி கண்டார். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே போவார். போகவர ஏறத்தாழ 5 மைல். பிள்ளைகளும் உடன் நடப்பார்கள். அந்த நடையே வகுப்பறை; உரையாடலே பாடம். ஹரிலால் அப்போது இந்தியாவில் இருந்தமையால் மற்றப் பிள்ளைகளே இவ்வாறு வளர்ந்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! தெருவில் வேறு யாரும் இடைமறித்துப் பேசாதிருந்தால்தான் அந்தப் பாடமும் நடந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், தவறாமல் எழுத்துக் கல்விக்கு ஒதுக்கியிருந்தால் தம் பிள்ளைகளுக்குக் குறையற்ற கல்வி அளித்திருக்கக்கூடும் என்று அவர் பிற்காலத்தில் கருதினார். அந்த ஒரு மணி நேரம் வாய்க்கவேயில்லை. பிள்ளைகளின் மனக்குறைக்குத் தாமும் ஓரளவு பொறுப்பாளியே என்பதை, 1925 முதல் 1929 வரை இதழில் தொடராக எழுதிய தம் வரலாற்றில் அவர் ஏற்றுக்கொள்கிறார்.

அந்நாளில் அவர் வீட்டில் உடன் வாழ்ந்த நண்பர் போலக் இக்கல்விமுறையை எதிர்த்து ஓயாது வாதிட்டார். குழந்தைப் பருவத்திலேயே ஆங்கிலம் பழகிவிட்டால் வாழ்க்கைப் பந்தயத்தில் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. பெற்றோர் குழந்தையோடு தாய்மொழியில் பேசாதிருப்பது அக்குழந்தைக்கும் நாட்டுக்கும் இழைக்கும் இரண்டகம் என்பது அடிகளின் கட்சி. ஆங்கிலவழிப் பள்ளிகளைப் பற்றி இன்று நம் வீடுகளில் நடக்கும் வாதம் இதிலிருந்து ஓரடியும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. இந்த ஒரு கூற்றில் அடிகளின் பக்கமே நியாயம் இருந்தது எனலாம். அவர் பிள்ளைகள் இருமொழியிலும் தடையின்றிப் பழகினார்கள். தாய்மொழியால் அவர்களுக்கு எந்த இழப்பும் நேரவில்லை. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது.

1904-இல் டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாயிற்று. அச்சகமும் வயலும் அடுத்தடுத்து இருந்த அவ்விடத்தில் பிள்ளைகள் எழுத்துக் கோக்கவும் மண் வெட்டவும் கற்றார்கள். வளர்ந்துவரும் மணிலாலைப் பிறர் கேட்கத் தொடங்கினர்: என்ன படிக்கிறாய், நாளை என்ன வேலைக்குப் போவாய்? அவரிடம் சொல்ல விடையில்லை. 1909 மார்ச்சில் பிரிட்டோரியாச் சிறையிலிருந்து பதினாறு வயது மகனுக்குத் தந்தை எழுதிய நீண்ட மடல் இந்தக் கவலைக்கு மறுமொழி. கல்வி என்பது எழுத்தறிவன்று. ஒழுக்கமும் கடமையறிவுமே கல்வி. நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்வதும் இல்லத்தைப் பொறுப்போடு காப்பதும் கல்வியின் பெரும்பகுதி. தோட்டத்தில் உழைக்க வேண்டும். கருவிகளைத் துடைத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். கணக்கையும் வடமொழியையும் விடலாகாது. இசை பயில வேண்டும். இனி நம் வாழ்வு வறுமை வாழ்வே என்பதை மறக்கலாகாது. இவை அம்மடலின் சாரம். தந்தை மகனுக்கு எழுதிய மடல்களில் உயர்ந்தவற்றுள் இதுவும் ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையை ஏற்றவர் தந்தை. அதில் வாழ வேண்டியவர் மகன். அந்த வேறுபாட்டை மடல் தொடவில்லை.

அதே ஆண்டு இறுதியில் கப்பலில் எழுதிய இந்திய சுயராச்சியம் என்னும் நூலிலும் கல்விக்கு ஓர் இயல் உண்டு. எழுத்தறிவு ஒரு கருவியே என்றும், இக்கல்வியைக் கட்டாயமாக்கத் தேவையில்லை என்றும் அவர் அங்கே நிறுவ முற்படுகிறார். வீட்டில் எடுத்த முடிவு இவ்வாறு கோட்பாடாக உயர்ந்தது.

1910-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் நண்பர் கல்லன்பாக் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக ஒப்படைத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் இருந்தன. குசராத், தமிழகம், ஆந்திரம், வட இந்தியா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தோர் ஒன்றாகக் குடியேறினர். இருபது முப்பது குழந்தைகள். அவர்களுள் நான்கைந்து பேர் பெண்கள். கணவன்மாரும் தந்தையரும் மாறி மாறிச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இக்குழந்தைகளுக்கு யார் கற்பிப்பது? காந்தியடிகளின் வீட்டுப் பள்ளி இங்கேதான் ஊர்ப் பள்ளியாக விரிந்தது. தம்மைக் குடும்பத் தலைவராகவும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவும் கருதிக்கொண்டு அவர் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கல்லன்பாக்கும் பிராக்ஜி தேசாயும் துணை நின்றனர்.

வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் கழிவு அகற்றுவது வரை யாவும் குடியிருப்போர் பணி. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், சுமை தூக்குதல் எனக் காலை வேளை கழியும். கல்லன்பாக் ஒரு துறவி மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் அடிகள் கற்றார். அடிகளிடம் சிறுவர்கள் கற்றனர். ஆசிரியன் செய்யாத எதையும் மாணவன் செய்ய வேண்டியதில்லை என்பது அங்கே விதி. எழுத்துப் பாடத்துக்கு மிஞ்சிப் போனால் மூன்று பாடவேளை. அதுவும் நண்பகல் உணவுக்குப் பிறகு. காலையெல்லாம் மண்ணில் உழைத்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருசேரக் கண் சொருகும்; கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வார்கள்.

இந்தி, தமிழ், குசராத்தி, உருது ஆகிய நான்கும் கற்பிக்கப்பட்டன. அவரவர் தாய்மொழி வழியாகவே பாடம். தமிழும் உருதுவும் அடிகளின் பங்கு. அவருடைய தமிழறிவு கப்பல் பயணத்திலும் சிறையிலும் தேடிக்கொண்டது. போப்பையரின் தமிழ்க் கைந்நூலைத் தாண்டி அவர் செல்லவில்லை. திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த அதே போப்பையர்தான், தென்னாப்பிரிக்கப் பண்ணையொன்றில் தமிழ்க் குழந்தைகள் அகரம் எழுதவும் மறைமுகமாகக் காரணமானார். அப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்தோ அறவே தெரியாது. எழுத்தையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் அவர் கற்பித்தார். பேச்சில் மாணவர்கள் தம்மை எளிதில் வென்றுவிடுவார்கள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஆங்கிலம் அறியாத தமிழர்கள் அவரைக் காண வந்தால் அம்மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையை மாணவரிடம் மறைக்காததே அவர்களின் அன்பைப் பெற்றுத் தந்தது என்று அவர் நம்பினார். தமிழாசிரியர் வரலாற்றில் இப்படியொருவர் இருந்தார் என்பதைத் தமிழுலகம் இன்னும் போதிய அளவு பாராட்டவில்லை.

பாடநூல்களின் தேவையை அவர் உணரவில்லை. மாணவனுக்கு மெய்யான பாடநூல் அவன் ஆசிரியனே என்பது அவர் துணிபு. அந்தத் துணிபுக்கும் சோதனை வந்தது. பதினேழு வயது முரடன் ஒருவன் எவ்வளவு சொல்லியும் அடங்காதபோது, கையிலிருந்த அளவுகோலால் அவன் தோளுக்குக் கீழே ஒருமுறை அடித்துவிட்டார். அடித்த கை நடுங்கியது. அந்த அடியை அவர் வாழ்நாள் முழுதும் ஒரு தவறாகவே நினைவில் வைத்திருந்தார். மற்றொரு நாள் கல்லன்பாக் கேட்டார்: தீய பழக்கமுள்ள சிறுவர் சிலரோடு உம் மக்களைப் பழகவிடுவது முறையா? தம் மக்களை மட்டும் எப்படிப் பிரித்து வைப்பது என்று அடிகள் திருப்பிக் கேட்டார். வீட்டுக் கல்வியை நாடுவோருள் பலர், தம் பிள்ளையை ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து விலக்கிக் காக்கவே அதை நாடுகின்றனர். டர்பனில் ஐரோப்பியர் பள்ளியைத் தவிர்த்ததும், பண்ணையில் முரடர்களோடு சேர்த்துவிட்டதும் ஒரே மனத்தின் இரு செயல்கள். இவ்வகையில் அடிகளின் வழி அவர்கள் வழிக்கு நேர் எதிரானது.

இவ்வளவு செழிப்பாக அந்தப் பள்ளி நடந்துகொண்டிருந்த 1911-ஆம் ஆண்டில்தான் ஹரிலால் வீட்டைவிட்டுப் போனார்.

அவர் சோம்பேறியோ கோழையோ அல்லர். போராட்டத்தில் பன்முறை சிறை சென்றவர். சின்னக் காந்தி என்று மக்கள் அழைத்தனர். அவருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. ஆனால் படிப்பின்மேல் அவருக்கிருந்த வேட்கை தணியவில்லை. தந்தையின் நண்பர் பிராண்ஜீவன் மேத்தா, ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து ஒருவரை இலண்டனில் படிக்க வைக்க உதவித்தொகை தர முன்வந்தார். மகனைத் தேர்ந்தால் பழி வரும் என்று எண்ணிய அடிகள் உறவினர் சகன்லாலைத் தேர்ந்தார். அவர் உடல்நலங் குன்றித் திரும்பியபின் வாய்ப்பு சொராப்ஜி என்னும் பார்சி இளைஞருக்குப் போயிற்று. நடுநிலை என்று ஊர் போற்றியது; மகனுக்கோ அது ஆறாத புண். 1911 மே மாதத்தில் யாரிடமும் சொல்லாமல், தந்தையின் நிழற்படமொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹரிலால் புறப்பட்டார். டெலகோவா விரிகுடாத் துறைமுகத்தில் அவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தனர். இரவெல்லாம் தந்தையும் மகனும் பேசினர். பொழுது விடிந்தபின் தந்தை தடுக்கவில்லை. மகன் கப்பலேறி அகமதாபாத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

இருபத்து மூன்றாம் அகவையில், மனைவியும் குழந்தையும் உடைய ஒருவர், தம்மினும் பல ஆண்டு இளைய சிறுவர்களோடு பள்ளி மாணவராக அமர்ந்த அக்காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். மெட்ரிகுலேஷன் தேர்வை அவர் மூன்று முறை எழுதியும் தேறவில்லை. 1915 மார்ச்சு 31-ஆம் நாளிட்டுத் தந்தைக்கு ஒரு நீண்ட மடலை அச்சிட்டு உறவினருக்கும் நண்பருக்கும் வழங்கினார். தங்கள் படிப்பில் தந்தை கருத்துச் செலுத்தவில்லை, தங்கள் விருப்பத்தைக் கேட்டதேயில்லை, அச்சத்தால் வாய்மூடி வளர்ந்தோம் என்பன அதன் குற்றச்சாட்டுகள். ஹரிலாலின் பிற்கால வீழ்ச்சிகள் அனைத்துக்கும் கல்விக் குறையே காரணம் என்று சொல்வது பேதைமை. இளமையில் மனைவியை இழந்தது உள்ளிட்ட வேறு துயரங்களும் அவர் வாழ்வில் உண்டு. 1948 சூனில், தந்தை மறைந்த சில திங்களில், அவரும் பம்பாயில் மறைந்தார். ஆனால் அம்மடலில் அவர் எழுப்பிய வழக்கு தனி. ஒழுக்கக் கல்வி தவறு என்று அவர் சொல்லவில்லை. எனக்குரிய வழியை என்னைக் கேளாமல் அடைத்தது ஏன் என்பதே அவர் வினா. தம் தமையன் தமக்கு அளித்த பாரிஸ்டர் படிப்பைத் துறக்கும் உரிமை காந்தியடிகளுக்கு இருந்தது. ஏனெனில் அவர் அதைப் பெற்றிருந்தார். பெறாத ஒன்றைத் துறக்குமாறு மகன் பணிக்கப்பட்டார்.

அதே 1911 மார்ச்சில் இந்தியாவில் கோபாலகிருஷ்ண கோகலே சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். உள்ளாட்சி மன்றங்கள் விரும்பினால் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்குத் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பது அதன் நோக்கம். 1912 மார்ச்சு 19-இல் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் அது வீழ்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் பயணமாகி, டால்ஸ்டாய் பண்ணையிலும் தங்கினார். நிலையத்திலிருந்து மழையில் நடந்து வந்து, குளிர்பிடித்து, கட்டில் இல்லாத அப்பண்ணையில் தரையிலேயே படுத்தார். எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று வாதிட்டுத் தோற்றவரும், தம் குழந்தைகளைப் பள்ளிக்கே அனுப்பாதவரும் ஆசிரியர் மாணவராக ஒரே கூரையின் கீழ் இருந்த நாள்கள் அவை.

அடிகளைப் போலவே பள்ளியை வெறுத்த மற்றொரு தந்தை வங்கத்தில் இருந்தார். கவிஞர் தாகூர் பல பள்ளிகள் மாறியும் எதிலும் நிலைக்காதவர். ஆனால் அவர் வீட்டில் கல்விக்குக் குறைவில்லை: விடியலில் மற்போர்ப் பயிற்சி, பிறகு கணக்கு, அறிவியல், ஓவியம், மாலையில் ஆங்கிலம் என்று ஆசிரியர் அணிவகுப்பு. முதலில் வங்கமொழி, பிறகே ஆங்கிலம் என்று தமையன் ஏமேந்திரநாத் வகுத்த ஒழுங்கு அது. அத்தகைய செல்வ வீட்டில் வளர்ந்தவர் தம் மகன் ரதீந்திரநாத்துக்கும் சிலைதகத்தில் வீட்டிலேயே கல்வி ஏற்பாடு செய்தார். வடமொழிக்கு ஒரு பண்டிதர், ஆங்கிலத்துக்குப் பட்டுப்புழு வளர்க்கும் பித்துக்கொண்ட லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், வங்கத்துக்குக் கவிஞரே. 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது முதல் மாணவர் சிலருள் அம்மகனும் ஒருவர். இங்கேதான் இரு தந்தையரும் பிரிகிறார்கள். தாகூர் தேர்வுகளை எள்ளி நகையாடியவர். ஆயினும் மகனைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதச் செய்தார். 1906-இல் வேளாண்மை பயில அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வீட்டுக் கதவை மூடியவர் உலகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பணம் இருந்தது, முடிந்தது என்று சொல்லிவிடலாம். அடிகளுக்கும் நண்பரின் பணம் இருமுறை கைக்கெட்டியது என்பதை மறந்துவிடலாகாது.

இவ்விரு நீரோடைகளும் ஒருமுறை கலந்தன. 1914-இல் அடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டபோது ஃபீனிக்ஸ் சிறுவர்கள் முன்னதாக இந்தியா வந்து, குருகுலக் காங்கிரியிலும் பின்னர் சாந்திநிகேதனிலும் தங்கினார்கள். அவர்களுள் ஜோகன்னஸ்பர்க் தமிழர் தலைவர் தம்பி நாயுடுவின் மக்களும் இருந்தனர். பிரிவுபசாரக் கூட்டத்தில் தம் நான்கு மகன்களையும் நாட்டுக்குப் பணிசெய்ய என்று அடிகளிடம் ஒப்படைத்தவர் நாயுடு. தந்தையே ஆசானாக வேண்டும் என்ற கொள்கைக்கு, தன் பிள்ளைக்குப் பிறிதொருவரைத் தந்தையாக்கிய இச்செயல் விந்தையான மறுபக்கம்.

நம்மவர்க்கு இவையெல்லாம் புதுமையல்ல, திண்ணைப் பள்ளி நம் முன்னோர் கண்டதே என்று சொல்வோர் உண்டு. திண்ணை வீட்டைச் சேர்ந்தது, பள்ளி அப்படியன்று. அங்கே ஊரார் படியளந்து நிறுத்திய ஆசிரியர் இருந்தார், சட்டாம்பிள்ளை இருந்தான், பல வீட்டுப் பிள்ளைகள் இருந்தனர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தனரா என்பது வேறு கேள்வி. அக்கேள்விக்குத் திண்ணை தந்த விடைதான் பின்னாளில் அரசுப் பள்ளியை இன்றியமையாததாக்கிற்று.

அடிகளின் எண்ணமும் மாறிற்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். நாடு முழுதும் ஏழாண்டுக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் அளிக்கப்பட வேண்டும். அது தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு அமைய வேண்டும் என்பது அங்கே எடுத்த முடிவு. தொழிலும் தாய்மொழியும் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து நேரே வந்தவை. கட்டாயம் என்ற சொல் மட்டும் 1909-இன் காந்தியிடமிருந்து வரவில்லை. அது கோகலேயின் சொல். தம் வீட்டுக்கு வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்றைக் கோடிக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு மறுக்க அவர் துணியவில்லை.

அச்சொல் சட்டமாகப் பல்லாண்டு பிடித்தது. 2002-இல் அரசியலமைப்பின் 86-ஆம் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாகவும் சேர்த்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவில் கூறுகிறது. அக்கடமை தவறிய பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் வகுக்கவில்லை. வீட்டில் கற்பிப்போரைப் பற்றிப் பொதுவாக அது பேசவுமில்லை; கடும் உடற்குறையுள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்பதை மட்டும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக ஏற்றது. சட்டத்தின் எழுத்துக்கும் மௌனத்துக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் வீட்டுக் கல்வி இந்நாட்டில் வாழ்கிறது. அதனை உரிமை என்று சொல்வதற்கில்லை. குற்றம் என்றும் அச்சட்டம் சொல்லவில்லை.

ஆனால் ஹரிலாலுக்கு இல்லாத சில வாயில்கள் இன்று உண்டு. பள்ளிக்கே போகாத குழந்தையும் தன் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். பிற மாணவரை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறலாம் என்று அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி பதினான்கு வயது நிரம்பியவர்களுக்குப் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வை நடத்துகிறது. தமிழகத் தேர்வுத் துறையிலும் தனித்தேர்வர்களுக்கு வழியுண்டு. எந்தத் தேர்வை எந்த வயதில் எழுதலாம், அச்சான்று மேற்படிப்புக்கு ஏற்கப்படுமா என்பனவற்றைப் பிள்ளைக்கு ஏழு வயதாகும்போதே விசாரித்து வைப்பது பெற்றோரின் பொறுப்பு. பதினேழாம் வயதில் விசாரிப்பது காலங்கடந்த செயல். வீட்டில் நாள்தோறும் அந்த ஒரு மணி நேரத்தைத் தரப்போகிறவர் யார் என்பது மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

மற்ற மூன்று மகன்களும் எந்தப் பொதுப் பள்ளியிலும் பயிலாமலே வளர்ந்தனர். பட்டதாரி ஒருவரைக் காண நேர்ந்தால் அவர்கள் மனத்தில் ஒரு கூச்சம் எழுவதைத் தந்தையே கவனித்து எழுதியிருக்கிறார். எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மணிலால், ஃபீனிக்ஸ் அச்சகத்துக்கே திரும்பி, 1956-இல் மறையும் வரை இந்தியன் ஒப்பீனியன் இதழை நடத்தினார். இளையவர் தேவதாஸ் பிற்காலத்தில் தில்லி நாளேடொன்றின் ஆசிரியரானார். இராசாசியின் மகளை மணந்து தமிழகத்துக்கு மருமகனுமானார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1918-இல், தந்தை அனுப்ப, பதினெட்டு வயது இளைஞராகச் சென்னைக்கு வந்து இந்தி கற்பித்தார். அந்த முதல் வகுப்பு நடந்த இடம் கோகலே மண்டபம்.